எட்டு மாத்திரையும் ஓர் ஊசியும்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் மருந்து அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம்.

என் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் பழைய கதையை நான் முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மூட்டுகள் வீங்கி விரல்களைக் கோணலாக்கும் முடக்குவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மூன்று ஆண்டுகளாக வாரம் ஒரு முறை தோலுக்கடியில், அந்த நோயை அடக்கி வைக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து ஊசி, 20 மில்லிகிராம். நோய் அடங்கிக் கிடந்தது. சென்ற மாதம் அந்த ஊசியை நிறுத்திவிட்டீர்கள். "அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்கிறது, நோயாளிக்கும் அதுவே வசதி" என்று காரணம் சொல்லியிருந்தீர்கள். மேல்முறையீடு செய்தேன். அதே இரண்டு வரிகள் தேதி மட்டும் மாறி வந்தன.

முதலில் அந்த வசதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது 2.5 மில்லிகிராம் மாத்திரை. வெவ்வேறு வீரியமுள்ள மாத்திரைகள் ஒரே வீட்டில் இருந்தால் குழப்பம் வரும் என்று மருத்துவர் இந்த ஒன்றை மட்டுமே எழுதுகிறார். அவர் செய்வது சரிதான். வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. ஆக, 20 மில்லிகிராமுக்கு எட்டு மாத்திரை. ஒவ்வொன்றும் அட்டையில் தனித்தனிக் குழிக்குள், பின்னால் அலுமினியத் தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் வந்துவிடும். உங்களுக்கு வந்துவிடும். எனக்குக் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருக்கிறது, ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தேன். கத்தரிக்கோல் வைத்துப் பார்த்தேன், அதைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தேன். முதல் வாரம் ஒரு மாத்திரை துள்ளிக் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. எடுக்காமலும் விட முடியவில்லை, ஏனென்றால் இது யார் கையிலும் படலாம் என்று விட்டுவிடக்கூடிய மருந்து இல்லை. இரண்டாவது வாரம் ஒரு மாத்திரை பாதியாக உடைந்து வந்தது. உள்ளே போனது ஏழா எட்டா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். மகள் இருக்கிறாள், ஐந்து மாதக் கர்ப்பிணி. கருவில் வளரும் குழந்தைக்குக் கேடு செய்யும் மருந்து இது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக் கூடாது. அதனால் நான் பல்லால் அட்டையைக் கடிக்கும்போது அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஆச்சாம்மா? எத்தனை ஆச்சு?" என்று எண்ணிக்கை கேட்கிறாள்.

ஊசி அப்படி இல்லை. பேனா போன்ற ஒரு குழல். மூடியை இழுத்துவிட்டுத் தொடையில் வைத்து அழுத்தினால் ஒரு 'டிக்' சத்தம், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். விரல்கள் வேண்டியதில்லை, உள்ளங்கை போதும்.

சரி, என் விரல்களை விடுங்கள். 'அதே மருந்து' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். மெத்தோட்ரெக்சேட்டைக் குடல் உறிஞ்சுவதற்கு ஓர் அளவு இருக்கிறது. வாரம் 15 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால், மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனாலும் இரத்தத்தில் சேருவது அதற்கேற்பக் கூடுவதில்லை. தோலுக்கடியில் போட்டால் கூடுகிறது. ஆகவே 20 மில்லிகிராம் மாத்திரையும் 20 மில்லிகிராம் ஊசியும் காகிதத்தில்தான் ஒன்று. 2008இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் கண்டவர்கள் ஊசியில் 78 சதவீதம், மாத்திரையில் 70 சதவீதம். இது பெரிய மலை-மடு வித்தியாசம் இல்லைதான். பக்கவிளைவுகளும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. இதை நான் மறைக்கவில்லை. மாத்திரையால் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். குறைந்த அளவில் பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஊசி என்றாலே நடுங்குகிறவர்களிடமிருந்து மாத்திரையைப் பிடுங்குங்கள் என்று நான் கேட்கவே இல்லை. மாத்திரையில் மூன்று ஆண்டுகள் இருந்து, அது போதாமல், வாரத்தில் இரண்டு நாள் குமட்டலில் படுத்துக் கிடந்து, அப்புறம்தான் ஊசிக்கு மாறினேன் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்த வழியில் மருந்து உள்ளே போக வேண்டும் என்பதை என் மூட்டைத் தொட்டுப் பார்க்கும் வாதநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

நோய் மறுபடி கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? காலையில் மூட்டு இறுக்கம் விட இப்போதே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அடுத்த படி எட்டனர்செப்ட், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள். அவை புரதங்கள், வாய்வழி கொடுத்தால் வயிறு செரித்துவிடும். எனவே அவையும் ஊசிதான்! வசதிக் குறைவு என்று ஓர் ஊசியை நிறுத்திய குழு, அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள இன்னோர் ஊசிக்கு அனுமதி தர வேண்டி வரும். இல்லை, மாத்திரைதான் வேண்டும் என்றால் டோஃபாசிடினிப் இருக்கிறது, 2012இலிருந்து. அதே வகை மாத்திரைகளுக்குத்தான் மாரடைப்பு, இரத்தக்கட்டி, புற்றுநோய் அபாயம் பற்றிய எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் கடுமையாக்கியது. மாத்திரை என்றால் சாது, ஊசி என்றால் முரடு என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். என் மேல்முறையீட்டுப் படிவம் முதல் முறை திரும்பி வந்தது. கையெழுத்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் போட்டதோடு ஒத்துப்போகவில்லையாம். முடக்குவாத நோயாளியின் கையெழுத்து ஏன் மாறியது என்று முடக்குவாத மருந்தை அனுமதிக்கும் அலுவலகம் கேட்கிறது. விரல்கள் கோணியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமென்றால் எக்ஸ்ரே படம் அனுப்புகிறேன்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் குழுவிலும் மருத்துவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் என் மருத்துவரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் போதும். அதற்குப் பிறகும் மறுப்பதாக இருந்தால், 'வசதி' என்ற சொல் இல்லாமல் மருத்துவக் காரணத்தை எழுதி அனுப்புங்கள். மறுக்கவில்லை என்றால், தயவுசெய்து அடுத்த வியாழக்கிழமைக்குள் ஊசிக்கான அனுமதியைத் திரும்பக் கொடுங்கள். வியாழன்தான் நான் மருந்து எடுக்கும் நாள்.

இப்படிக்கு,
கோப்பிலுள்ள அதே நோயாளி
(கீழே இருப்பது என் கையெழுத்துதான். இப்போது இப்படித்தான் வருகிறது.)