பதினான்கோடு நின்றுபோகும் உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தினத்தன்று தங்கள் இதழில் வந்த தலையங்கத்தில், ‘நம் அரசியல் சாசனம் குழந்தைகளுக்குத் தரவேண்டிய கல்வி உரிமையையும் சமத்துவத்தையும் 1950-லேயே தந்துவிட்டது, இனிப் பெற்றோர் விழித்துக்கொள்வதுதான் பாக்கி’ என்றொரு வாக்கியம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு எடுத்தவளாகிய எனக்கு அதைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு ‘முயலும்’ என்றுதான் அன்றைய 45-ஆம் பிரிவு சொன்னது. அதுவும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்றாக. தாங்கள் அறியாததல்ல. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 21-ஏ பிரிவு, 86-ஆவது திருத்தத்தின் வழியே 2002-இல் சேர்ந்தது. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஏப்ரல் ஆயிற்று. வந்தபோதும் ஆறு வயதுக்கு உட்பட்டோரைக் கழற்றிவிட்டே வந்தது. பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரின் கடமையை மட்டும் அதே திருத்தம் மறக்காமல் 51-ஏ பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே பெற்றோருக்குப் புத்தி சொல்வதில் தங்களை அரசு முந்திக்கொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1987-இல், விடியுமுன் ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தூக்குவாளியும் தூக்கக் கண்களுமாக அதில் ஏறிப் போவார்கள். பதினான்குக்கு உட்பட்டோரைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்னும் 24-ஆம் பிரிவு அப்போதும் சாசனத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. பஸ்ஸில் சிறுவர்கள் குறைந்தார்கள். திண்ணைகளில் பெட்டி ஒட்டும் சிறுமிகள் கூடினார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று 2016-இல் சட்டமே வழிவிட்டது. பள்ளி நேரம் போனபின் பிள்ளைகள் தூங்கவும் வேண்டும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, கணக்கில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி ஒன்பதாம் வகுப்போடு நின்றாள். நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அவள் தம்பி டவுனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். வீடு தேடிப் போனேன். அவள் அப்பா மரியாதையாக நாற்காலி போட்டு, “எட்டாவது முடிச்சிட்டா, வயசும் பதினாலு தாண்டிருச்சு. சட்டமே அதோட விட்டிருச்சே டீச்சர்” என்றார். பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் அரசு சைக்கிள் கிடைக்கும் என்பதைத் தவிர என்னிடம் வேறு வாதம் இல்லை. சைக்கிள் வெறும் திட்டம், உரிமையல்ல; இன்று கொடுப்பார்கள், நாளை நிறுத்தவும் செய்வார்கள். பதினெட்டு வயதுவரை குழந்தையே என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டதை அவரிடம் சொல்லியிருக்கலாம்தான். நம் சாசனத்தில் எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் எதைக் காட்டியிருப்பேன்?

தலையங்கத்தை மாற்றி எழுதக் கேட்கும் தகுதி எனக்கில்லை. ‘1950’ என்பதை ‘2002’ என்றும், உரிமை ஆறு முதல் பதினான்கு வயதுக்கு மட்டும் என்றும், சிறிய எழுத்திலாவது ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பேச்சுப் போட்டிக்கு இங்குள்ள பிள்ளைகள் தங்கள் தலையங்கத்தைத்தான் கத்தரித்து வைத்து மனப்பாடம் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாத்தூர்.