மியூராவின் மூக்கும் சென்னாவின் துளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர்கார்கள் எனப்படும் அதிவேக, விலையுயர்ந்த கார்களின் வெளித்தோற்றம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையையும் அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். பழைய கார்கள் சிற்பங்கள், இன்றைய கார்கள் வெறும் துளைகளும் இறக்கைகளும் என்பதே பெரும்பாலோரின் தீர்ப்பாக இருந்தது. பழைய கார்களின் மேல் எனக்கும் தீராத பிரியம் உண்டு. ஆனாலும் இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

1966-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான லம்போர்கினி மியூராவை ஓர் அருங்காட்சியகத்தில் மிக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முகப்பு விளக்குகள் பானெட்டின் மேல் மல்லாந்து கிடக்கின்றன. மேலும் கீழும் கண்ணிமை மயிர்போலக் கறுப்புத் தகடுகள். முன்சக்கரத்தின் மேல் புடைத்து எழும் கோடு கதவருகே தாழ்ந்து, பின்சக்கரத்தின் தோளில் மறுபடி எழுகிறது. பெர்டோனே என்ற இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனத்தில் மார்செல்லோ காண்டினி இதை வரைந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன், விட்டுப் போக மனம் வரவில்லை.

ஆனால் கட்டுரையாளர் உச்சிமுகர்ந்து பாராட்டிய அதே மூக்குதான் மியூராவின் குறையும். வேகம் கூடக்கூட அதன் அடியில் புகுந்த காற்று காரின் முன்பகுதியைத் தூக்கியது. பெட்ரோல் தொட்டியும் முன்புறமே இருந்ததால், எரிபொருள் குறையக் குறைய மூக்கின் பாரம் மேலும் குறைந்து, ஸ்டீயரிங் கைக்குள் இலேசாகிப் போனது. 2018-ல் தயாரிப்புக்கு வந்த மெக்லாரன் சென்னாவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எரிபொருளும் மற்றத் திரவங்களும் இல்லாமல் 1,198 கிலோ எடையுள்ள அந்தக் காரை, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று 800 கிலோ விசையுடன் சாலையோடு அழுத்துகிறது. வாசகர் ஒருவர் முகம் சுளித்த அந்தப் பிளவுகளும் பெரிய பின்னிறக்கையும் இந்த வேலையைச் செய்யத்தான் இருக்கின்றன. சென்னா அழகான கார் என்று நான் வாதாடவில்லை. அதன் முகம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வடிவமைத்தவர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வெப்பமும் இப்படித்தான். 2005-ல் தயாரிப்புக்கு வந்த புகாட்டி வேய்ரானின் 1,001 குதிரைத்திறனைத் தாங்க 10 ரேடியேட்டர்கள் வேண்டியிருந்தன. அத்தனைக்கும் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்து, எப்படியாவது வெளியேற வேண்டும். பாதசாரிகளின் பாதுகாப்புக்கான விதிகளும் சேர்ந்துகொண்டதால், கத்தி முனை போன்ற பழைய மூக்குகள் இனி வரப்போவதில்லை.

பழைய கார்களும் இந்த நிர்ப்பந்தத்திலிருந்து தப்பவில்லை என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1971-ல் காட்டப்பட்ட லம்போர்கினி கவுன்டாச்சின் முன்மாதிரிக் கார் மாசுமறுவற்ற ஆப்புபோல இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் கொதித்தது. 1974-ல் விற்பனைக்கு வந்தபோது தோள்களில் காற்றுப் பெட்டிகளும், பக்கவாட்டில் பெரிய துளைகளும் ஏறியிருந்தன. இன்று அந்தப் பெட்டிகளையும் துளைகளையும்தான் கவுன்டாச்சின் அடையாளம் என்று கொண்டாடுகிறோம். அதற்கு மாறாக, பின்னர் பலர் விரும்பிப் பொருத்திக்கொண்ட அதன் பின்னிறக்கை காரின் உச்ச வேகத்தைக் குறைக்கத்தான் செய்தது. பகட்டுக்காக ஒட்டிக்கொள்வது இந்தக் காலத்தில் பிறந்த பழக்கம் அல்ல.

புதிய கார்களில் நான் கண்டிக்க விரும்புவதும் அந்தப் பகட்டைத்தான். பம்பரின் ஓரத்தில் காற்றுத் துளை போல ஒன்று தெரியும். விரலை விட்டால் ஓர் அங்குலத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் முட்டும். வேலை செய்யும் துளை எவ்வளவு அவலட்சணமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பொய்த் துளையை என்னால் பொறுக்க முடிவதில்லை. பழைய பெயரையும் பழைய கோடுகளையும் எடுத்துப் புதிய உடலில் ஒட்டுவதும் எனக்கு உவப்பானதல்ல. 2021-ல் கவுன்டாச் என்ற பெயரில் புதிய கார் வந்தபோது, அதில் தமக்குப் பங்கில்லை என்று பழைய கவுன்டாச்சை வரைந்த காண்டினியே பகிரங்கமாகத் தெரிவித்தார்.

என் மனத்துக்கு உகந்தது 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1. பீட்டர் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அதன் உடலில் பெரிய இறக்கை கிடையாது. காற்றை அடக்கும் வேலையின் பெரும்பகுதியைக் காரின் அடித்தளமும் உள்ளே மறைந்திருக்கும் இரண்டு மின்விசிறிகளும் செய்தன. 1998-ல் அது மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. இது பழைய காரா, புதிய காரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் கட்டுரையில் பழைய கார்களின் படங்கள் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. புதியவை எல்லாம் தரையோடு தாழ்த்தி, முன்மூலையிலிருந்து, வாயைப் பிளந்து நிற்பதுபோல் எடுக்கப்பட்டிருந்தன. அடுத்த முறை இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், பக்கவாட்டுத் தோற்றமும் பின்புறமும் தெரியும்படி வெளியிட்டால், வாசகர்கள் தங்கள் கண்ணாலேயே ஒப்பிட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்