மிதந்து போன செல்கள்

அன்புள்ள சங்கரா,

ரெண்டு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். நொச்சிச் சாறு செல் பிரிதலை நிறுத்துகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷினில் ஓட்டி உன் மாணவி வரைந்த படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நொச்சிச் சாறு பட்ட செல்களில் 4என் குவியல் (வழக்கமான 2என்னுக்கு இரட்டிப்பு டிஎன்ஏ உள்ள செல்கள்) ஏறியிருக்கிறது, சரி. அதை வைத்து 'செல் பிரிதலை நிறுத்துகிறது' என்று எப்படிடா எழுத விட்டாய்? பி.ஐ. (புரோபிடியம் அயோடைடு) சாயம் டிஎன்ஏ எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஜி2-வில், அதாவது டிஎன்ஏ இரட்டித்துப் பிரியத் தயாராகும் கட்டத்தில், நிற்கிற செல்லுக்கும் பிரியப் போய் நடுவில் நிற்கிற செல்லுக்கும் அளவு ஒன்றே. அதுகூடப் பரவாயில்லை, ரெண்டு 2என் செல் ஒட்டிக்கொண்டு போனாலும் மெஷின் 4என் என்றுதான் எண்ணும். செல்லைப் பதப்படுத்தும் குளிர்ந்த 70 சதவீத எத்தனாலை மொத்தமாகக் கொட்டினால் செல்கள் கட்டிதட்டிவிடும். ட்யூபை ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடச் சொல். ஆர்என்ஏவை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதியைப் போட மறந்தால் சாயம் ஆர்என்ஏவிலும் ஏறிக் குவியல் அகலமாகும்.

ஒப்பிட, செல் பிரிதலை நிறுத்தும் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் போட்ட குழி (செல் வளர்க்கும் தட்டில்) ஒன்று கட்டாயம் வேண்டும். நம் ஊர் சுடுகாட்டுப்பூவின் (நித்தியகல்யாணி) சரக்குதான். அது நுண்குழலைக் கட்டும் டியூபுலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நுண்குழல் வளராது, குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகள் (ஸ்பிண்டில்) அமையாது. அந்த இழையில் கொக்கி மாட்டாத குரோமோசோம் ஒன்று இருந்தாலும் காவல் புரதங்கள் வழிவிடாது. செல்லைப் பிரிதல் கட்டத்திலேயே பிடித்து வைக்கும் சைக்ளின் பி புரதம் அழியாமல் செல் அப்படியே நிற்கும். சாவு அங்கே இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் புதுப் புரதம் அதிகம் உருவாவதில்லை, செல்லைச் சாவிலிருந்து காக்கும் எம்சிஎல்-1 புரதம் கரைந்துகொண்டே போகும். அது முதலில் தீர்ந்தால் பேக்ஸ், பேக் என்ற சாவுப் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்கும், சைட்டோகுரோம் சி வெளியே வரும், செல்லைச் சாகடிக்கும் நொதிகள் கிளம்பும், காஸ்பேஸ்-9, பிறகு காஸ்பேஸ்-3. சைக்ளின் பி முதலில் தேய்ந்துவிட்டால்? செல் பிரியாமலே நழுவி, 4என்னோடு உயிர் பிழைத்துக்கொள்ளும். உன் குவியலில் அந்த ஜாதி எத்தனை பேர் என்று உனக்குத் தெரியுமா? பிரிதலில் இருக்கும் செல்லின் அடையாளமான, செரின்-10இல் பாஸ்பேட் ஏறிய ஹிஸ்டோன் எச்3 புரதத்துக்கு ஆன்டிபாடி போட்டால் பிரிதலில் நிற்கிறவையும் நழுவியவையும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

இனிதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவள் செய்முறையின் முதல் வரி: 'மீடியத்தை (செல் வளரும் திரவம்) வெளியே ஊற்றிவிட்டுக் கழுவவும்.' பிரியப் போகிற செல் உருண்டு, பிடி தளர்ந்து நிற்கும். செத்தது மிதக்கும். தேடிய அத்தனையையும் சிங்க்கில் ஊற்றிவிட்டு 'சாவு குறைவு' என்று அட்டவணை! மீடியம், கழுவின நீர், ஒட்டிய செல்லைப் பெயர்க்கும் டிரிப்சின் நொதியில் எடுத்தது, மூன்றையும் ஒரே ட்யூபில் சேர்த்துச் சுழற்றச் சொல்.

உயிருள்ள செல் ஊதா நிறம் காட்டும் எம்டிடி சோதனையையும் நம்பாதே. சாற்றின் ஃபீனால்கள் செல்லே இல்லாமல் ஊதா காட்டும். செல் போடாத குழியில் சாற்றை விட்டுப் பார், சிரிப்பு வரும். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம் தாண்ட வேண்டாம், ஒப்பிட வெறும் டிஎம்எஸ்ஓ குழியும் இருக்கட்டும்.

அடுத்த முறை படம் வேண்டாம், மெஷின் தந்த ஃபைலையே அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கதிர்