24 மணி நேரக் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப் படங்களில் தேய்ந்துபோன வசனங்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "சட்டம் தன் கடமையைச் செய்யும்", "என் பிணத்தைத் தாண்டித்தான் இந்தக் கல்யாணம் நடக்கும்", "இன்னும் 24 மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, இவை யாருக்கும் கெடுதல் செய்யாத பழைய வேடிக்கைகள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கூடலூரில் பிறந்து, மலையேறிப் போய்க் குமுளிப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். மருத்துவர்கள் மலையாளத்தில் சொல்வதை, ஏலத்தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் வந்துபோகும் குடும்பங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் என்னிடமே இருந்தது.

அந்த 24 மணி நேர வசனம் பிறக்கும்போதே பொய்யாகப் பிறந்ததல்ல. மாரடைப்பு வந்தவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து முதல் நாளில்தான் மிகுதி. தலையில் அடிபட்டவருக்கு மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்து நினைவு தடுமாறலாம்; அதனால்தான் முதல் நாள் முழுவதும் கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போட்டு எழுதி வைப்பதும். மருத்துவர் ஒரு நாள் போகட்டும் என்றால், விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே பொருள். ஆனால் படத்தில் அதே சொற்கள் ஒரு கெடுவாகிவிட்டன. கெடு தாண்டினால் பிழைப்பார், தாண்டாவிட்டால் இல்லை என்று கேட்பவர் மனத்தில் பதிந்துவிட்டது.

ஒரு முறை, தோட்டத்தில் நிழல் மரத்தில் ஏறிக் கொப்பு வெட்டும்போது விழுந்துவிட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் என்னிடம், "ஒரு திவசம் கூடி நோக்காம்" என்றார். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், என் வாயில் தயாராக இருந்தது படத்து வசனம்தான், அதையே சொன்னேன். அந்தப் பெண் இரவு முழுவதும் நடையில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை 4 மணி அடித்ததும் என்னைத் தேடி வந்து, "தாண்டிருச்சு சிஸ்டர்" என்று கும்பிட்டார். உறவினர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடிபட்ட மூளையின் வீக்கம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் கணவர் இறந்துவிட்டார். "நீங்கதானே சிஸ்டர் 24 மணி நேரம்னு சொன்னீங்க" என்று அவர் கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை அந்த வசனத்தை நான் சொன்னதில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்துட்டு, நானே வந்து உங்ககிட்ட சொல்றேன்" என்று சொல்வேன், சொன்னபடி போவேன்.

மயக்கம் தெளிந்தவர் "நான் எங்கே இருக்கேன்?" என்று தெளிவாகக் கேட்பதும் அப்படித்தான். செயற்கைச் சுவாசக் குழாய் தொண்டையில் இருக்கும் வரை எவராலும் பேச முடியாது. எடுத்த பிறகும் குரல் கம்மித்தான் வரும். ஜீப் கவிழ்ந்து அடிபட்டு ஆறு நாள் குழாயுடன் கிடந்த ஓர் அம்மாவிடம், குழாயை எடுத்தபின் காதை வாயருகே வைத்துத்தான் கேட்க முடிந்தது. "என் தூக்குவாளி எங்க?" என்றார். காலையில் சோறு போட்டு எடுத்துப்போன வாளி. எழுதுவோர் ஒரு நாள் எங்கள் வார்டு நடையில் வந்து உட்கார்ந்திருந்தால் இப்படி எத்தனையோ சொற்கள் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். நாடி பிடித்தே கர்ப்பம் சொல்லும் மருத்துவரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சிறுநீர்ச் சோதனை அட்டை இன்று மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

வசனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1952-இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனம் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் முழங்கக் கேட்டு வளர்ந்தவள் நான். அது அந்தப் பாத்திரம் பட்ட பாட்டிலிருந்து வந்த பேச்சு, அவனைத் தவிர வேறெவர் வாயிலும் பொருந்தாது. யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிற வசனத்தைத்தான் தேய்ந்தது என்கிறேன்.

கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றியே முக்கியமாக எழுத நினைத்தேன். அது "எந்தா சேட்டா". நம் படங்களில் மலையாளி என்றால் டீக்கடைக்காரர், இல்லையென்றால் செவிலியர். பேசுவதற்கு இந்த இரண்டு சொல். அவர்கள் படங்களில் நம்மை 'பாண்டி' என்று கேலி செய்யும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த கோட்டயத்துத் தோழி ஒருத்தி துணி எடுக்கக் கம்பத்துக்கு என்னோடு இறங்கி வருவாள். பேருந்து நிலையத்தில் பையன்கள் அவள் முகத்துக்கு நேரே படத்தில் கேட்டதைக் கேட்ட ராகத்திலேயே சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு முறை பொறுத்தாள், மூன்றாம் முறைக்குப் பிறகு வரவே இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் எல்லையில் போக்குவரத்து நின்றபோது, நான் ஊருக்கு இறங்க முடியாமல் தங்கியிருந்தது அவள் வீட்டில்தான். அவள் தாயார் எனக்காகத் தனியாகப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024-இல் மலையாளத்திலேயே வந்து தமிழ்நாட்டில் அவ்வளவு நன்றாக ஓடியதைப் பார்த்தபோது, அயலாரை அவர்கள் பேச்சிலேயே கேட்க நம் மக்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருமானால் இந்த வசனத்தையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேடிக்கைகளின் வரிசையில் மட்டும் அதை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கூடலூர், தேனி மாவட்டம்.