எந்தச் சாகசத்தில் தொடங்குவது?

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கோலாலம்பூர் நண்பர்களைச் சேர்த்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நகர்த்தும் வேடமேற்பு விளையாட்டை இணையத்தில் எழுத்து வழியாகவே ஆடும் குழு ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொல்லி, முதலில் எந்த வகைச் சாகசத்தை நடத்தலாம் என்று கேட்டிருந்தாய்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டன்ஜன், அதாவது பாதாளச் சாகசம்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டு வெளிவந்த நாள்முதல், பாதாள அறைகளில் இறங்கி, பொறிகளைக் கடந்து, புதையலோடு திரும்புவதே இவ்விளையாட்டின் தலைவாசலாக இருந்துவருகிறது. ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவோருக்கு அது நன்றாகவே பொருந்தும். எழுத்தில் ஆடும்போது நிலைமை வேறு. பூட்டிய கதவொன்றின் முன் குழு நிற்கிறது என்று வைத்துக்கொள்; திருடன் காதை வைத்துக் கேட்கிறான், மந்திரவாதி விளக்கை அணைக்கச் சொல்கிறான், வீரனாக ஆடுபவர் இரவு வேலையில் இருப்பதால் பதில் எழுதவில்லை, முயற்சி பலித்ததா என்று பார்க்க இருபது முகப் பகடையை உருட்டுவதற்காக, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார். வாரம் முடிந்த பிறகும் அந்தக் கதவு திறந்திருக்காது. சண்டை மூண்டால் தாமதம் இன்னும் கூடும்.

உன் நண்பர்களில் பலர் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் என்பதால், குரல் அழைப்பில் ஆட நேர்ந்தால் மட்டும் விளையாட்டு வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' முறையை எண்ணிப்பார். நிலையான குழுவும் கிழமையும் அதில் கிடையாது. யாருக்கு நேரம் வாய்க்கிறதோ அவர்களே சேர்ந்து, போகுமிடத்தையும் தாங்களே முடிவுசெய்து, அன்றைய ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். துப்பறியும் சாகசமும் நல்லதுதான். ஆனால் ஒரு முடிவை எட்ட ஒரே தடயத்தை நம்பாமல் குறைந்தது மூன்று தடயங்களை வைக்க வேண்டும் என்னும், இவ்விளையாட்டுகளைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டரின் விதியை மறந்துவிடாதே.

எழுத்துவழி ஆட்டத்துக்கு நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது சூழ்ச்சிச் சாகசத்தைத்தான். சண்டையைக் கொல்லும் அதே தாமதம் சூழ்ச்சிக்கு உரமாகிறது. யாருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று ஒருவர் இரண்டு நாள் யோசித்துத் தனிச்செய்தி அனுப்பலாம். மற்றவர்கள் சந்தேகத்தோடு காத்திருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. களத்தைத் தேடி நீ கற்பனை நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. 1867இல் இந்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் மூண்ட கலவரத்தில், கீ ஹின் என்னும் சீன இரகசியச் சங்கத்தோடு வெள்ளைக்கொடியினரும், அதன் எதிரியான தோ பே கோங் என்னும் சீனச் சங்கத்தோடு செங்கொடியினரும் கைகோத்து நின்றார்கள்; இரு கொடியினரும் மலாய், இந்திய முஸ்லிம்களின் சங்கத்தினர். இனமும் மொழியும் கடந்த அந்தக் கூட்டணிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இதைவிடச் சிறந்த களம் நமக்கு எங்கே கிடைக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர் ஒருவர், இரு தரப்புக்கும் கடன் கொடுத்த வணிகர், காவல்துறைக்குத் துப்புச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் என்று வேடங்களைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பிறர் அறியாத ஒரு நோக்கத்தைக் கொடுத்துவிடு. கலவரம் வெடிப்பதற்கு முந்தைய சில நாள்களே முதல் சாகசத்துக்குப் போதும்.

நண்பர்கள் இதற்கு ஒப்புக்கொண்டால் உடனே எழுது. அந்த மொழிபெயர்ப்பாளர் வேடத்தை எனக்கென்று ஒதுக்கி வை.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்