எதிரணியின் மைதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தை இணையப் பதிப்பில் படித்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் அவருடைய மகன், வரும் நவம்பர் இறுதியில் நண்பர்களோடு கொலம்பஸ் நகருக்குப் போய், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் தன் கல்லூரி அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். 2024-ஆம் ஆண்டு அதே மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கைகலப்பில் இறங்கியதையும் காவலர்கள் மிளகு ஸ்பிரே அடித்ததையும் கைபேசியில் பார்த்த அந்தத் தாய், மகனை அனுப்புவதா தடுப்பதா என்று தெரியாமல் தவிப்பதாகவும், அங்கே வசிப்பவர்கள் யாராவது வழி சொன்னால் நல்லது என்றும் கேட்டிருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன், மகளை அதே பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்திருப்பவன், கொலம்பஸில் சித்தப்பா மகனின் குடும்பத்தைக் கொண்டவன் என்ற முறையில் அவருக்குப் பதில் எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் காணொளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று, அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஐந்து ஆட்டங்களில் தோற்றிருந்த மிச்சிகன் அணி, தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை அதன் சொந்த மண்ணிலேயே 13-10 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் கிடைத்த ஒரு ஃபீல்டு கோல்தான், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுத்த மூன்று புள்ளிகள்தான், வெற்றியைத் தீர்மானித்தது. வென்ற மகிழ்ச்சியில் எங்கள் அணி வீரர்கள் மைதானத்தின் நடுவில், எதிரணியின் சின்னம் வரையப்பட்ட இடத்திலேயே, தங்கள் கொடியை நட முயன்றார்கள். சண்டை அங்கேதான் தொடங்கியது. பிறகு, இரு அணிகளும் ஆடும் பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. மிச்சிகன் அணியை நேசிப்பவனாக இருந்தும், அன்று நாங்கள் செய்தது தவறு என்றே சொல்வேன். அடுத்தவர் வீட்டில் ஆடி வென்றுவிட்டு, அந்த வீட்டுக் கூடத்தின் நடுவில் கொடியை ஊன்றினால் வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பார்? ஆனால் அந்தத் தாய் கவனிக்க வேண்டியது, அந்தக் கைகலப்பு நடந்தது ஆடுகளத்தில், வீரர்களுக்கிடையே என்பதைத்தான். அன்று மிச்சிகன் சட்டை அணிந்து பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர் படியிறங்கி நடந்து, வண்டியேறி வீடு வந்து சேர்ந்தார்கள். அதை யாரும் கைபேசியில் படம் பிடிக்கவில்லை.

இந்தப் பகையின் ஆழம் தெரியாமல் ஒரு மாணவன் அங்கே போகக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆன் ஆர்பரிலிருந்து கொலம்பஸ் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம். வழியில் வரும் டொலிடோ நகரம் யாருக்குச் சொந்தம் என்று 1835-இல் மிச்சிகனும் ஒஹாயோவும் படை திரட்டி எல்லையில் நின்றன. முடிவில் டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. அதற்கு ஈடாக வடக்கே மேல் தீபகற்பம் என்ற பெரும் நிலப்பரப்பைப் பெற்றுக்கொண்டு, 1837-இல் மிச்சிகன் மாநிலத் தகுதி அடைந்தது. இரு பல்கலைக்கழகங்களும் முதன்முதலாக மோதியது 1897-இல். ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தின் பெயர்ப் பலகைகளில் உள்ள ‘எம்’ என்ற எழுத்தின் மேல் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல விரும்பாமல் ‘வடக்கே இருக்கும் அந்தப் பள்ளி’ என்பார்கள். மிச்சிகனை வெல்லும் ஆண்டில் அவர்களுடைய வீரர்களுக்குத் தங்க நிறத்தில் கால்சட்டை வடிவிலான ஒரு சிறு பதக்கம் கிடைக்கும். 1934-இல் தொடங்கிய வழக்கம் அது. அந்த ‘எம்’ எழுத்தைத் தொப்பியில் தாங்கிக்கொண்டுதான் அந்தத் தாயின் மகன் அங்கே நுழையப் போகிறான்.

நானே பல ஆண்டுகள் அங்கே போக மறுத்தவன். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை வரும் அமெரிக்க விடுமுறையான நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமைதான் இந்த ஆட்டம் என்பதால், ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டிலும் கொலம்பஸ் தம்பி, “அண்ணா, விடுமுறைக்கு எப்படியும் இங்கேதானே வருகிறீர்கள், மைதானத்துக்கும் வந்துவிட்டுப் போங்களேன்” என்று அழைப்பான். நான் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்வேன். எங்கள் பக்கத்து நண்பர்களிடம் அதற்கு ஒரு நியாயமும் உண்டு: கொலம்பஸுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டோம் என்பார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இரு பல்கலைக்கழகங்களும் ஒரே கூட்டமைப்பில் இருந்துகொண்டு ஒளிபரப்பு வருமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் அந்தப் பணம் இருவருக்கும்தான் போகிறது. உண்மையான காரணம் வேறு. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுவரை மிச்சிகன் அங்கே வென்றதே இல்லை. காசு கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு லட்சம் பேர் நடுவில் தோல்வியைப் பார்க்க எனக்குத் துணிவிருக்கவில்லை.

2022-இல் மகள் வற்புறுத்தியதால் போனேன். குதிரை லாட வடிவில் 1922-இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் அன்று 1,06,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். இரண்டு அணிகளும் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வந்திருந்தன. தம்பி குடும்பத்தோடு அவர்களுடைய இருக்கை வரிசையிலேயே உட்கார்ந்தோம். சுற்றிலும் செஞ்சிவப்புச் சட்டைகள், நடுவில் என் மகளின் மஞ்சள் தொப்பி மட்டும் தனியே. முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் திரும்பிப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஆன் ஆர்பர் என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, தன் கால் மேல் போர்த்தியிருந்த கம்பளியில் பாதியை என் மகளுக்கு நீட்டினார். இடைவேளையின்போது 20-17 என்று ஒஹாயோ முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் நடந்ததை நான் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. எங்கள் அணியின் டோனவன் எட்வர்ட்ஸ் கடைசிக் கால்பகுதியில் 75 கஜம் ஒரு முறையும் 85 கஜம் ஒரு முறையும் பந்தோடு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் செய்தபோது, என் வாழ்வில் அதுவரை கேட்டிராத ஒரு நிசப்தத்தைக் கேட்டேன். லட்சம் பேர் ஒன்றாக மௌனமாவதைத் தொலைக்காட்சி காட்டாது. 45-23 என்று வென்றோம். நானும் மகளும் எழுந்து நின்று குதிக்கவில்லை. கைகளை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதியவர் கிளம்பும்போது கம்பளியை மடித்து வாங்கிக்கொண்டு, “நல்ல ஆட்டம்” என்று மட்டும் சொன்னார். தம்பி மகன், அங்கே அப்போது முதலாம் ஆண்டு மாணவன், இரவு வரை யாருடனும் பேசவில்லை. அவனிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதுதான் அன்று நான் செய்யக்கூடிய மரியாதை என்று தோன்றியது.

இன்னொன்றையும் அன்றுதான் நேரில் கண்டேன். அவர்களுடைய வாத்தியக் குழு மைதானத்தில் வரிசையாக நகர்ந்து ‘ஒஹாயோ’ என்ற சொல்லைக் கூட்டெழுத்தாக எழுதும். முடிவில் சூசாபோன் என்ற பெரிய ஊதுகருவியைச் சுமந்த ஒரு மாணவர் நடந்து வந்து ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாக நின்று மைதானத்தின் இரு பக்கமும் வணங்குவார். 1936 முதல் அவர்கள் செய்துவரும் சடங்கு இது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1932-இல், மிச்சிகன் வாத்தியக் குழு அதே சொல்லை மைதானத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது என்பது எங்கள் பக்கத்தவர்கள் பெருமையாகச் சொல்வது. ஆனால் அந்த மாணவர் தலை தாழ்த்தியபோது எழுந்த ஆரவாரத்தைக் கேட்ட பிறகு, யார் முதலில் எழுதினார்கள் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஆட்டத்துக்கு முன்பு நடப்பவற்றைத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் முழுமையாகக் காட்டுவதில்லை. அந்த இளைஞன் இதைக் காணாமல் படிப்பை முடித்து ஊர் திரும்பினால், தன் கல்லூரி எதை எதிர்த்து ஆடுகிறது என்பதே அவனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

எல்லா மைதானமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு பல்கலைக்கழகத்தில், இரவு நேர ஆட்டத்தின்போது, குடித்திருந்த ஒருவன் என் மகளின் தொப்பியைப் பிடுங்கிக் கீழ் வரிசைக்கு வீசினான். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நான் எழுந்தேன், மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்று நான் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. அந்த இரவுக்குப் பிறகுதான், ஆட்டம் தொடங்கும் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இரவு ஆட்டமென்றால் காலை முதலே வாகன நிறுத்துமிடங்களில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு குடிக்கத் தொடங்குகிறார்கள். மாலைக்குள் பலர் தம்வசம் இருப்பதில்லை. மிச்சிகன்-ஒஹாயோ ஆட்டம் வழக்கமாக நண்பகல் 12 மணிக்குத் தொடங்குவது, அந்தத் தாய்க்கு ஓரளவு ஆறுதல் தர வேண்டிய செய்தி.

ஆகவே, அனுப்புங்கள் அம்மா என்பதே என் பதில். ஆனால் மகனிடம் சிலவற்றைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். யாரோடு போகிறான் என்பது, எங்கே போகிறான் என்பதைவிட முக்கியம். நால்வரில் ஒருவர் குடித்துவிட்டு வாய்விடுபவராக இருந்தால் மற்ற மூவரும் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். இருக்கை எந்தப் பகுதியில் என்று கேளுங்கள். வெளியூர் அணியின் ஆதரவாளர்களுக்கென்று ஒதுக்கும் பகுதியில் கிடைத்தால் நல்லது, மறுவிற்பனையில் விலை குறைவு என்பதற்காக எதிரணி மாணவர்களின் பகுதியில் மட்டும் வாங்க வேண்டாம். ஆட்டம் முடிந்த பிறகு, வென்றாலும் தோற்றாலும், ஆடுகளத்துக்குள் கால் வைக்கக் கூடாது. 2021-இல் ஆன் ஆர்பரில் வென்றபோது எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் களத்துக்குள் இறங்கியதைப் பார்த்த நினைவில் அவன் கொலம்பஸிலும் இறங்கினால், அது வேறு கதை. மாணவர் விசாவில் இருப்பவனுக்கு ஒரு சிறு கைதுகூடப் பெரிய சிக்கலாகக்கூடும் என்பதை அவனுக்குத் தயங்காமல் சொல்லுங்கள். முதுகுப் பையை உள்ளே விட மாட்டார்கள். உள்ளிருப்பது வெளியே தெரியும் பை வேண்டும். குளிருக்கு இரண்டு அடுக்குக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். 1950-இல் அங்கே பனிப்புயலுக்கு நடுவே ஆடி மிச்சிகன் 9-3 என்று வென்ற ஆட்டத்தைப் பற்றி இங்கே இன்றும் பேசுவார்கள். நவம்பர் இறுதி அப்படிப்பட்ட காலம். இரவே வண்டியோட்டித் திரும்ப வேண்டாம், தங்கிவிட்டு ஞாயிறு காலையில் புறப்படச் சொல்லுங்கள். என் கணக்கில் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து, மைதானத்தில் இல்லை, களைத்துப்போன நான்கு இளைஞர்கள் திரும்பி வரும் அந்த நெடுஞ்சாலையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வியை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021 முதல் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற மிச்சிகன், 2025-இல் சொந்த மைதானத்திலேயே 27-9 என்று தோற்றது. இந்த முறை கொலம்பஸில் அந்த மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றரை மணி நேரம் தன் அணி அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு, காதில் விழும் சொற்களுக்கெல்லாம் வாய் திறக்காமல் இருக்க முடியுமா? முடியாது என்றால் அவன் ஆன் ஆர்பரில் நண்பர்களோடு தொலைக்காட்சியில் பார்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை. நானும் அப்படிப் பல ஆண்டுகள் இருந்தவன்தான். முடியும் என்றால் தடுக்க வேண்டாம்.

இந்த நவம்பரில் நானும் மனைவியும் மகளும் மீண்டும் கொலம்பஸ் போகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பித் தம்பி வீட்டில் இரண்டு இரவு தங்கி, ஞாயிறு திரும்புவோம். நண்பர்களோடு போவதில் அந்தத் தாய்க்கு மனம் ஒப்பவில்லை என்றால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்கட்டும். எங்கள் வண்டியில் ஓர் இடம் இருக்கிறது. தம்பி மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கூடுதலாக ஒரு பாய் விரிப்பதில் அவளுக்குச் சிரமம் இல்லை என்கிறாள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
ஆன் ஆர்பர், மிச்சிகன்.