டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எந்த நேரம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கீழக்கரையிலிருந்து உங்கள் டிக்கெட் கடைக்காரர்கள் எழுதுகிறோம். சென்ற மாதம் வாலிநோக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளின் பிரசவத்துக்குச் சென்னை கிளம்பி, விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பினார். "தம்பி, சென்னைக்கு மதுரையிலிருந்து 420 கிலோமீட்டர்தானாம், தூத்துக்குடியிலிருந்து 530ஆம். மதுரைக்கே போடுங்க" என்றார். நாங்களும் போட்டுக் கொடுத்துவிட்டோம். அவர் சொன்ன தூரம் சரிதான். ஆனால் அது வானத்தில் நேர்கோடாக அளந்த தூரம். வாலிநோக்கத்திலிருந்து ரோட்டில் போக தூத்துக்குடி விமான நிலையம்தான் கிட்ட. அதை அன்றே எடுத்துச் சொல்லாதது எங்கள் தவறு.

வானத்தில் 110 கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகும்? இறக்கை விசிறி சுற்றும் ஏடிஆர் விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். கால் மணி நேரத்துக்குள் அந்த வித்தியாசம் முடிந்துவிடும். அதே 110 கிலோமீட்டர் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

அப்புறம், 530 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போதுமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணியை ஒட்டிப் போடுகிறார்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். அது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, அங்கே போய் நிற்கும் வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதை வரை உருண்டு போவது, மேலே ஏறுவது, சென்னையில் நெரிசல் இருந்தால் சுற்றிக்கொண்டு காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், சென்னையில் சில மாதங்கள் ஊர்ப் பக்கமிருந்தும் சில மாதங்கள் கடல் பக்கம் சுற்றி வந்தும் இறங்குவார்கள்.

துபாய் போகிறவர்களுக்கு ஒன்று: இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். அது நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கொழும்புக்கு அந்தக் கணக்கு வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுகிறார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம்தான் மீதி இருந்தது. எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை.

எங்கள் கணிப்பு இது. பரமக்குடி, இராமநாதபுரம் பக்கம் இருப்பவர்கள் மதுரைக்கே போங்கள். ஊருக்குள் நுழையாமல் விரகனூரில் ரிங்ரோடு பிடித்தால் போதும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்தாருக்குத் தூத்துக்குடி. கீழக்கரைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வசதியான நேரத்தைப் பார்த்து எடுக்கலாம்.

இனி டிக்கெட் உறையின் மேல் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைச் சிவப்பு மையில் எழுதித் தருவோம். அதற்கு, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், காரிலா பஸ்ஸிலா என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிக்கெட் கடை,
கீழக்கரை